வண்டிக்கு எந்தக் கார்டு, விமானத்துக்கு எந்தக் கார்டு? அமெரிக்க அரசு அலுவலகத்தின் எரிபொருள் கணக்கு

ஓர் அமெரிக்கக் கூட்டாட்சி அலுவலகம். வனவிலங்குக் காப்பகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனிடம் முப்பது பிக்கப் வண்டிகளும், பறவைக் கணக்கெடுப்புக்கும் தீக் கண்காணிப்புக்கும் பறக்கும் இரண்டு செஸ்னா 206 விமானங்களும் இருக்கின்றன. வண்டிகள் ஐந்தாறு ஊர்களில் கிடைக்கிற பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள்கின்றன. விமானங்கள் எந்த ஓடுதளத்தில் இறங்குகின்றனவோ அங்கே நிரப்பிக்கொள்கின்றன. எல்லாம் மக்கள் வரிப்பணம். அதைப் பங்கில் எந்த வழியாகக் கட்டுவது என்று அலுவலகத்தின் நிர்வாக அதிகாரி முடிவெடுக்க வேண்டும்.

பார்க்கச் சின்ன முடிவாகத்தான் தெரியும். ஆனால் தவறான வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஒவ்வொரு மாதமும் திருட்டைத் தேடுவதிலேயே நேரம் போகும். நம் ஊர் அரசு அலுவலகங்களிலும் இண்டென்ட் சீட்டு கொடுத்துப் பங்கில் கடனுக்கு டீசல் போட்ட காலம் மாறி வருகிறது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ் டிராக் பிளஸ் என்று கார்டுகள் வந்துவிட்டன. அமெரிக்க ஏற்பாடு கால் நூற்றாண்டுக்கு மேல் அடிபட்டுத் தேறியது என்பதால் அதைக் கூர்ந்து பார்ப்பது நமக்கும் பயன்படும்.

அந்த ஏற்பாட்டின் பெயர் ஸ்மார்ட்பே. அரசின் பொதுச் சேவை நிர்வாகமான ஜிஎஸ்ஏ 1998 முதல் நடத்துகிறது. 2018 நவம்பர் 30 முதல் நடப்பது மூன்றாவது ஒப்பந்தம். அதில் சிட்டி பேங்க், யு.எஸ். பேங்க் என்று இரண்டு வங்கிகள். எல்லா வகைக் கார்டுகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் புழங்குகிறது. இவை தவணையில் கட்டும் கிரெடிட் கார்டுகள் கிடையாது. வங்கி முதலில் கடைக்காரருக்குக் கொடுக்கிறது, அரசு ஒவ்வொரு சுற்றிலும் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறது. சீக்கிரம் கட்டினால் வங்கி அலுவலகத்துக்குத் தள்ளுபடிப் பணம் திருப்பித் தரும். கொள்முதல் கார்டு, பயணக் கார்டு, வண்டிக் கார்டு, எல்லாம் கலந்த கார்டு என்று நான்கு வகை உண்டு. விமானத்துக்கு இதற்கு வெளியே தனியாக ஏர் கார்டு இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வண்டிகள்: ஐந்து வழிகள், உண்மையில் இரண்டு

முதலில் இரண்டைக் கழித்துவிடலாம்.

ஊழியர் சொந்தக் காரை ஓட்டிவிட்டு மைல் கணக்கில் பணம் வாங்குவது ஒரு வழி. 2025இல் ஜிஎஸ்ஏ நிர்ணயித்த தொகை மைலுக்கு 70 சென்ட். அரசு வண்டி தயாராக இருந்தும் விருப்பத்தின் பேரில் சொந்தக் காரை எடுத்தால் 21 சென்ட்தான். எப்போதாவது ஒரு கூட்டத்துக்குப் போய் வர இது போதும். சதுப்பு நிலத்தில் படகை இழுத்துக்கொண்டு போகும் வேலைக்கு யாரும் சொந்தக் காரைத் தரமாட்டார்கள்.

சொந்த டேங்க் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. மொத்தமாக வாங்குவதால் விலை குறையும். ராணுவத் தளங்களில் இதுதான் வழக்கம். தளத்துக்குள் தானியங்கி பம்ப் இருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்னணுச் சாவி இருக்கும், அதைக் காட்டினால்தான் எண்ணெய் வரும். ஆனால் தரைக்கு மேல் மொத்தம் 1,320 கேலனுக்கு அதிகமாக எண்ணெய் சேமித்தால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கசிவுத் தடுப்பு விதிகள் வந்துவிடும். திட்ட ஆவணம், சுற்றுத் தடுப்பு, சோதனை என்று முப்பது வண்டிக்காக ஒரு ஆளே தேவைப்படும். அலாஸ்கா மாதிரி நூறு மைலுக்கு ஒரு பங்கு இருக்கும் இடத்தில் வேறு வழியில்லை. மற்ற இடங்களில் வேண்டாம்.

மூன்றாவது, அலுவலகக் கொள்முதல் கார்டையே பங்கிலும் தேய்ப்பது. காகிதம், பேட்டரி, ஆணி எல்லாம் வாங்கும் அதே கார்டு. பல சிறு அலுவலகங்களுக்கு இந்த ஆசை வரும். புதிதாக ஒரு கணக்கைத் திறக்கவும் வேண்டாம், பயிற்சி எடுக்கவும் வேண்டாம். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன், இரண்டு காரணங்களுக்காக.

ஒன்று, கொள்முதல் கார்டு ஆளின் பெயரில் இருக்கிறது. பில்லில் பங்கின் பெயரும் மொத்தத் தொகையும் வரும். எந்த வண்டி, எத்தனை கேலன், என்ன ரகம் என்பது வராது, வந்தாலும் அரைகுறையாக வரும். முப்பது வண்டிகளின் எரிபொருளைப் பிரித்துக் காட்ட யாராவது ரசீதுகளை உட்கார்ந்து அடுக்க வேண்டும். அடுக்க ஆள் இல்லாத வாரத்தில் அது நடக்காது.

இரண்டாவது காரணம் 2025 பிப்ரவரியில் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. பிப்ரவரி 26ஆம் தேதி வந்த அதிபர் ஆணை 14222, அரசு ஊழியர்கள் கையில் உள்ள கார்டுகளை முப்பது நாள் முடக்கச் சொன்னது. பேரிடர் பணிக்கும், துறைத் தலைவர் அவசியம் என்று சொல்லும் சேவைகளுக்கும் மட்டும் விலக்கு. பல துறைகளில் கொள்முதல் கார்டு, பயணக் கார்டுகளின் வரம்பு ஒரு டாலராக இறக்கப்பட்டது. அந்த ஆணை சரியா தவறா என்று பேச இது இடமில்லை. எரிபொருளைக் கொள்முதல் கார்டில் கட்டி வைத்தால், கொள்முதலைக் குறிவைத்து வரும் ஒவ்வொரு நடவடிக்கையும் வண்டியையும் நிறுத்திவிடும் என்பதுதான் என் கவலை. ரோந்து போக வேண்டிய வண்டி, ஏதோ ஒரு மாநாட்டுச் செலவைக் கட்டுப்படுத்தப் போட்ட உத்தரவால் பங்கில் நிற்கக் கூடாது.

மிஞ்சுவது இரண்டு: சொந்த வண்டிக்கு ஸ்மார்ட்பே வண்டிக் கார்டு, அல்லது ஜிஎஸ்ஏவிடம் வண்டியையே குத்தகைக்கு எடுத்து, கூடவே வரும் கார்டைப் பயன்படுத்துவது.

இரண்டிலும் கார்டு வண்டிக்குத்தான், ஓட்டுநருக்கு இல்லை. வண்டி எண்ணோடு கார்டு கட்டப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் பம்பில் தன் பின் நம்பரையும் ஓடோமீட்டர் எண்ணையும் அழுத்த வேண்டும். பில்லில் நேரம், இடம், எரிபொருள் ரகம், கேலன், கேலன் விலை எல்லாம் வரி வரியாக வந்துவிடும். ஒரு தடவைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை தடவை, எந்த வகைக் கடையில் மட்டும் என்று வரம்பு போடலாம். வாயேஜர், வெக்ஸ் என்ற இரண்டு வண்டிக் கார்டு வலையமைப்புகளையும் அமெரிக்காவின் பெரும்பாலான பங்குகள் ஏற்கின்றன.

வேறுபாடு எரிபொருள் விலையை யார் சுமக்கிறார் என்பதில் இருக்கிறது. சொந்த வண்டி என்றால் பம்ப் விலை நேராக உங்கள் பட்ஜெட்டில் இறங்கும். 2022 ஜூனில் அமெரிக்க சராசரி பெட்ரோல் விலை வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கேலனுக்கு ஐந்து டாலரைத் தாண்டியது. கேலன் என்பது 3.785 லிட்டர். ஆண்டுத் தொடக்கத்தில் மூன்றேகால் டாலர் கணக்கில் பட்ஜெட் போட்டிருந்த அலுவலகம் அந்தக் கோடையில் எதையாவது வெட்டியே ஆகவேண்டும். ஜிஎஸ்ஏ குத்தகையில் மாத வாடகையும் மைல் கட்டணமும்தான். எரிபொருளும் பராமரிப்பும் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைக் குத்தகைக்கு விட்டிருக்கும் ஜிஎஸ்ஏ விலை ஏற்றத்தைப் பரவலாக்கித் தாங்கிக்கொள்ளும். பிறகு கட்டணத்தைக் கூட்டத்தான் செய்யும், ஆனால் இடிபோல் விழாது.

குத்தகையில் ஒரு கெடுதலும் இருக்கிறது. பலர் இதைச் சொல்வதில்லை. எரிபொருள் மைல் கட்டணத்துக்குள் போய்விட்டதால் அலுவலகத்தில் யாரும் பெட்ரோல் பில்லைப் பார்ப்பதே இல்லை. திருட்டு நடந்தால் ஜிஎஸ்ஏ கணினி எச்சரிக்கும், அவர்கள் தலைமை ஆய்வாளர் அலுவலகம் விசாரிக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்ஏவின் ஆய்வாளர்கள் வண்டிக் கார்டு மோசடிக்காக வழக்கு மேல் வழக்காகப் போட்டுக்கொண்டிருப்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு உங்கள் வண்டி அன்று எங்கே நின்றது என்று தெரியாது. அது உங்கள் லாக் புக்குக்குத்தான் தெரியும்.

ஒரு வண்டி, ஒரு நாள்

கணக்குச் சரிபார்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நானே போட்ட ஓர் உதாரணம். 26 கேலன் டேங்க் உள்ள ஒரு பிக்கப். செவ்வாய்க்கிழமை காலை 7:40க்கு 21.3 கேலன், ஓடோமீட்டர் 48,210. அன்றே மாலை 5:55க்கு 19.8 கேலன், ஓடோமீட்டர் 48,271. நடுவில் ஓடியது 61 மைல். கேலனுக்கு 16 மைல் தரும் வண்டி என்றால் நாலு கேலன்கூடக் காலியாகியிருக்காது. காலையில் டேங்க் நிரம்பியிருந்தால் மாலையில் 19.8 கேலன் அதற்குள் போகவே முடியாது.

இதைத் திருட்டு என்று உடனே முடிவு கட்டக் கூடாது. காலையில் போட்டது ஜெனரேட்டர் கேனுக்காக இருக்கலாம். பக்கத்து வண்டியின் கார்டு தொலைந்துபோய் இதைக் கடன் வாங்கியிருக்கலாம் (விதிப்படி அதுவும் தப்புதான்). ஓட்டுநர் ஓடோமீட்டர் எண்ணைத் தப்பாக அழுத்தியிருக்கலாம். ஆனால் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது. புதன்கிழமை காலையில் கேட்டால் ஓட்டுநருக்கு நினைவிருக்கும். ஆறு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. நேர்மையானவரும் அப்போது திணறுவார், திருடியவருக்கு அதுவே சாக்காகிவிடும்.

இதே வரிகளில் வேறு அடையாளங்களும் இருக்கும். ஓடோமீட்டர் கட்டத்தில் எப்போதும் 12345 அல்லது வெறும் 1. சில நிமிட இடைவெளியில் அதே பம்பில் இரண்டு முறை. சாதாரண பெட்ரோல் போதும் என்கிற வண்டிக்குப் பிரீமியம் ரகம். விடுமுறை நாளில், வேலைப் பகுதியிலிருந்து வெகுதூரத்தில் ஒரு பங்கு. ஜிஎஸ்ஏ வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் முறை ஒன்று உண்டு: பங்கில் நிற்கும் வேறு ஆளின் வண்டியை அரசு கார்டில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பாதி விலைக்குக் கைக்காசு வாங்கிக்கொள்வது. பில்லில் அது நியாயமான எரிபொருள் செலவாகத்தான் தெரியும். கேலனையும் டேங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியவரும்.

பின் நம்பரைக் கார்டு உறையிலேயே எழுதி, உறையை வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோருக்கும் வசதி. ஆனால் அதோடு யார் போட்டார் என்ற தகவல் செத்துவிடுகிறது. கார்டு வண்டிக்கு, பின் நம்பர் ஆளுக்கு. இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம்.

எல்லாப் பழியையும் ஓட்டுநர் மேல் போடவும் முடியாது. அமெரிக்கப் பங்குகளின் பம்புகளில் சிப் கார்டு வசதி வெகு தாமதமாகத்தான் வந்தது. நகல் கார்டு மோசடிப் பொறுப்பைப் பங்குகள் மேல் மாற்றும் நாள் முதலில் 2017 அக்டோபர் என்று இருந்து, 2020க்குத் தள்ளி, கடைசியில் 2021 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. அதுவரை, பம்புக்குள் ஒளித்து வைத்த கருவியால் கார்டின் காந்தப் பட்டையை நகலெடுப்பது கொள்ளைக்காரர்களுக்கு எளிது. உங்கள் வண்டி கொட்டகையிலேயே நிற்க, வேறு மாநிலத்தில் அதன் கார்டில் டீசல் ஓடிக்கொண்டிருக்கும். இதையும் லாக் புக்கோடு ஒப்பிடும் கண்தான் முதலில் பிடிக்கும்.

வரி விஷயம் கொஞ்சம் குழப்பமானது. மாநிலங்கள் கூட்டாட்சி அரசின் மேல் வரி போட முடியாது என்பது 1819ஆம் ஆண்டு மெக்கல்லக் எதிர் மேரிலாண்ட் தீர்ப்பிலிருந்து நிலைத்த கொள்கை. அரசே நேரடியாகக் கட்டும் கார்டுக்கு மாநில விற்பனை வரி கூடாது. ஆனால் எரிபொருள் வரியைப் பல மாநிலங்கள் பங்குக்கு வருவதற்கு முன்பே விநியோகஸ்தரிடம் வாங்கிவிடுவதால் அது விலைக்குள் கரைந்திருக்கும். சில இடங்களில் திரும்பக் கிடைக்கும், சில இடங்களில் கிடைக்காது. வண்டிக் கார்டில் இதைப் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. கொள்முதல் கார்டில் ஓட்டுநர் கல்லாவில் நின்று வாதாட வேண்டும். யார் வாதாடுவார்?

கேலனும் ரகமும் வரியாகக் கிடைப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டத்தின்படி, இ85 என்ற, பெரும்பகுதி எத்தனால் கலந்த எரிபொருளிலும் ஓடக்கூடிய அரசு வண்டிகள் அதைத்தான் போட வேண்டும். பதினைந்து நிமிட ஓட்டத்துக்குள் அல்லது ஐந்து மைலுக்குள் கிடைக்கவில்லை, அல்லது அளவுக்கு மீறிய விலை என்றால் விலக்கு வாங்கலாம். பக்கத்தில் இ85 இருந்தும் பெட்ரோல் போட்டார்களா என்பதைக் கார்டு தரவை வைத்துத்தான் துறைகள் கண்டுபிடிக்கின்றன.

ஆக, வண்டிகளுக்கு என் முடிவு: சாதாரணப் பிக்கப்புகள் அனைத்தையும் ஜிஎஸ்ஏ குத்தகைக்கு மாற்றலாம். விசேஷக் கருவி பொருத்திய, ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல் மட்டுமே ஓடும் தீயணைப்பு வண்டி மாதிரியானவை சொந்தமாக இருக்கட்டும், அவற்றுக்கு ஸ்மார்ட்பே வண்டிக் கார்டு. இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே வாராந்திரச் சரிபார்ப்பு. குத்தகை வண்டிக்குப் பணம் நம்முடையது இல்லையே என்று விட்டுவிடக் கூடாது.

விமானங்கள்: கணக்கே வேறு

ராணுவ எரிபொருள் கொள்முதலைக் கவனிக்கும் பாதுகாப்புத் தளவாட முகமையின் எரிசக்திப் பிரிவு ஏர் கார்டை நடத்துகிறது. ராணுவத்தோடு மற்றத் துறைகளின் விமானங்களுக்கும் அது கிடைக்கும். பொதுவாகக் கார்டில் விமான வகையும் வால் எண்ணும் (விமானத்தின் பதிவு எண்) பொறித்திருக்கும். எரிபொருள் தவிர இறங்கு கட்டணம், நிறுத்தும் கட்டணம், பனி நீக்கம் போன்ற தரைச் சேவைகளுக்கும் செல்லும். விமானியின் ஹோட்டல் செலவு இதில் வராது, அதற்குப் பயணக் கார்டு.

பெரிய விமானங்களுக்கு ஏர் கார்டு ஏன் தேவை என்பது எளிது. சி-17 ராணுவச் சரக்கு விமானம் 35,546 கேலன் கொள்ளும். கேலன் ஐந்து டாலர் என்று வைத்தாலும் ஒரு முழு நிரப்பலுக்கு 1,77,000 டாலருக்கு மேல். கொள்முதல் கார்டின் வழக்கமான சிறு கொள்முதல் வரம்பு நெடுநாள் 10,000 டாலராக இருந்து 2025 அக்டோபரில்தான் 15,000 ஆனது. அங்கே பேச்சுக்கே இடமில்லை.

நம் செஸ்னா 206 விஷயத்தில் அந்த வாதம் செல்லாது. அதில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 87 கேலன். ஏழு டாலர் விலையிலும் 609 டாலர்தான். கொள்முதல் கார்டே தாராளமாகத் தாங்கும். அதனால்தான் சிறு விமானம் வைத்திருக்கும் அலுவலகங்கள், ‘எங்களுக்கு எதற்கு ஏர் கார்டு, விமானி கையில் ஒரு கொள்முதல் கார்டைக் கொடுத்தால் போதாதா’ என்று கேட்கின்றன. நியாயமான கேள்விதான்.

என் பதில், விலைக்காகவும் பதிவுக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஏர் கார்டே வேண்டும். விலையில் கிடைக்கும் லாபம் இடத்தைப் பொறுத்தது. பல விமான நிலையங்களில் தளவாட முகமை ஒரு தரைச் சேவை நிறுவனத்தோடு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அங்கே ஏர் கார்டைக் காட்டினால் ஒப்பந்த ஏற்பாட்டின் விலை. அதே ஓடுதளத்தில் எதிர்ப்பக்கம் இருக்கும் நிறுவனத்திடம் போனால் பலகை விலை. விமானப்படையின் விதி இதை வரிசைப்படுத்தியே சொல்கிறது: முதலில் ராணுவத் தளம், அடுத்து ஒப்பந்த நிறுவனம், அதற்குப் பிறகுதான் கார்டை ஏற்கும் மற்ற நிறுவனங்கள். ஓடுபாதையிலிருந்து திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதிலேயே பணம் இருக்கிறது. சிறு ஓடுதளங்களில் ஒப்பந்த நிறுவனம் இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. அங்கே ஏர் கார்டுக்கும் கொள்முதல் கார்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதிவு விஷயத்தில் ஏர் கார்டு எங்கேயும் வெல்கிறது. இரண்டு விமானங்களை நான்கு விமானிகள் மாறி மாறி ஓட்டினால், ஆள் பெயரில் உள்ள பில்லை வால் எண்வாரியாகப் பிரிப்பது தனி வேலை. வால் எண்ணோடு பில் வந்தால் அந்த விமானம் பறந்த மணிகளோடு நேராக ஒப்பிடலாம். மணிக்குப் பதினைந்து கேலன் குடிக்கும் எஞ்சினுக்கு, ஐந்து மணி நேரம் பறந்த வாரத்தில் 160 கேலன் பில் வந்தால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். 87 கேலன் டேங்குக்கு ஒரே நிரப்பலில் 110 கேலன் என்று பில் வந்தால் கேட்பதற்கு முன்பே பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

எரிபொருள் வண்டி விமானத்தின் இறக்கை அருகே வந்து நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் விமானி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லியே தீர வேண்டும். ஊழியர் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து நிரப்பி முடித்ததும் ஒரு சீட்டு தருவார். அதில் தொடக்க எண், முடிவு எண், எரிபொருள் ரகம், வால் எண், அளவு இருக்கும். கையெழுத்துக்கு முன் ரகத்தைப் படிக்க வேண்டும். செஸ்னா 206இன் பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டியது நீல நிறச் சாயம் சேர்த்த 100 எல்.எல். பெட்ரோல். தவறிப்போய் ஜெட் விமானங்களுக்கான ஜெட் ஏ எரிபொருளை ஊற்றிவிட்டால் குழாய்களில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் விமானம் மேலெழும்பும், பிறகு எஞ்சின் நிற்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கார்டில் விமான வகையைப் பொறித்திருப்பது கணக்குக்காக மட்டும் இல்லை. நிரப்புபவர் ஒரு தடவை பார்த்து நிற்க அது இன்னொரு வாய்ப்பு.

அடுத்து அளவின் அலகு. கனடாவுக்குள் போனால் லிட்டரில் சீட்டு வரும். 300 லிட்டர் என்பது 79 கேலன். அலுவலகத்தில் யாரோ 300 கேலன் என்று பதிந்துவிட்டால் ஆண்டு முழுக்கக் கணக்கு கோணிக்கொண்டே போகும்.

கார்டை ஏற்காத இடத்துக்கு எஸ்.எஃப். 44 என்று ஒரு பழைய காகிதப் படிவம் இருக்கிறது. கொள்முதல் ஆணை, பில், பணப் பட்டுவாடாச் சீட்டு மூன்றும் ஒரே தாளில். ராணுவத்தில் விமான எரிபொருளுக்கு இதைச் சிறு கொள்முதல் வரம்பைத் தாண்டியும் பயன்படுத்த விதி இடம் தருகிறது. கரண்டும் தொலைபேசியும் இல்லாத ஓடுதளத்தில் இது மட்டும்தான் வேலை செய்யும். வழக்கமான வழியாக மட்டும் இதை வைத்துக்கொள்ளக் கூடாது. தாள் ஊர் சுற்றி அலுவலகம் வந்து சேர்வதற்குள் காலாண்டு முடிந்துவிடும்.

ஏர் கார்டால் தீராத கேள்வி ஒன்று உண்டு: விமானம் எங்கே இறங்க வேண்டும்? 2019இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் விமான நிலையம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதமானது. 2017 அக்டோபருக்குப் பிறகு அங்கே 629 எரிபொருள் ஆணைகள், சுமார் 1.1 கோடி டாலர் என்று பிரதிநிதிகள் சபைக் குழுவின் கடிதம் குறிப்பிட்டது. அருகே அதிபர் டிரம்பின் சொந்த ஓய்வு விடுதி இருந்ததும், விமானக் குழுவினர் அங்கே இரவு தங்கியதும்தான் சர்ச்சைக்குக் காரணம். பிரெஸ்ட்விக்கோடு தளவாட முகமைக்கு ஏற்கெனவே 2016இல் போட்ட ஒப்பந்தம் இருந்தது. அதாவது எரிபொருள் வாங்கிய முறையில் ஒப்பந்த வரிசை பின்பற்றப்பட்டது. ஆனால் அந்தப் பாதை ஏன், அந்த இரவுத் தங்கல் ஏன் என்பதற்குப் பில்லில் விடை இருக்காது. பயணத் திட்டத்தை ஒப்புக்கொள்ளும் அதிகாரிதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கார்டு நிர்வாகியின் தலையில் இதைக் கட்டுவது சரியில்லை.

யார் பார்ப்பது

2012 அக்டோபரில் கையெழுத்தான அரசு கார்டு முறைகேட்டுத் தடுப்புச் சட்டம் கொள்முதல் கார்டையும் பயணக் கார்டையும் இறுக்கிப் பிடித்தது. ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொள்முதல் கார்டில் செலவழிக்கும் துறைகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீறல் அறிக்கை தர வேண்டும். வண்டிக் கார்டு அந்த அளவுக்குச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் வெளியிட்ட ஏ-123 சுற்றறிக்கையின் பின்னிணைப்பு பி தான் அதற்கு முக்கிய வழிகாட்டி. தண்டனை இல்லாமல் இல்லை: அரசு வண்டியை வேண்டுமென்றே சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் குறைந்தது ஒரு மாதம் சம்பளமில்லாத இடைநீக்கம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பிடிபட்டால்தானே தண்டனை. பிடிப்பது அலுவலகத்தின் சொந்த ஒழுங்கைப் பொறுத்தது.

அதனால் கார்டு வாங்குவதற்கு முன்பே மூன்று வேலைகளை மூன்று பேரிடம் பிரித்துவிட வேண்டும். கார்டைக் கேட்டு வாங்கி வரம்பு போடுபவர் ஒருவர். வாரந்தோறும் பில் வரிகளை லாக் புக்கோடும் பறந்த மணிகளோடும் ஒப்பிடுபவர் இன்னொருவர். பணத்துக்கு ஒப்புதல் தருபவர் மூன்றாமவர். ஆள் பற்றாக்குறை என்று மூன்றையும் ஒருவரிடம் கொடுத்த இடங்களில்தான் பெரிய ஓட்டைகள் விழுகின்றன. இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால், கார்டு வாங்குபவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கலாம், ஒப்பிடுபவர் மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

வரம்புகளைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுவதும் இவர்கள் வேலை. காட்டுத் தீ காலத்தில் ஒரு வண்டி ஒரே நாளில் இரண்டு முறை நிரப்புவது இயல்பு. குளிர்காலத்தில் அதே வரம்பை விட்டு வைத்தால் அது திருட்டுக்கு அழைப்பிதழ். ஓய்வு பெற்றவரின் பின் நம்பரை அவர் கடைசி வேலை நாளிலேயே ரத்து செய்ய வேண்டும். ஏலத்துக்குப் போகும் வண்டியின் கார்டை வண்டிக்கு முன்பே வெட்டிப் போட வேண்டும்.

நம் காப்பகத்துக்கான பட்டியல் இப்படி வரும்: சாதாரண பிக்கப்புகள் ஜிஎஸ்ஏ குத்தகைக் கார்டில். தீயணைப்பு வண்டிகள் ஸ்மார்ட்பே வண்டிக் கார்டில். இரண்டு செஸ்னாக்களுக்கும் வால் எண் பொறித்த ஏர் கார்டு. ஒவ்வொரு விமானத்திலும் ஓர் எஸ்.எஃப். 44 புத்தகம், ஒப்பந்த விமான நிலையங்களின் பட்டியல், அதைக் காலாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க ஒரு பெயர். கொள்முதல் கார்டு ஒன்று அலுவலக அலமாரியில், வேறெதுவும் செல்லாத நாளுக்கு மட்டும். அதில் எரிபொருள் வாங்கினால் மறுநாளே வண்டி எண்ணும் ஓடோமீட்டரும் எழுதிய தாள் கணக்குப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.